வெங்காயக் காணிக்கு நூறு, மகளுக்கு நாலு

எங்கள் வீட்டில் உலகத்து அறிஞர்கள் அதிகம் மேற்கோள் காட்டியது என்னுடைய வெங்காயக் காணியை. அடுத்த இடம் எங்கள் ஒரே மகளுக்கு. முதலாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவிலுள்ள தூரம் கொஞ்சம் அதிகம்.

காணி சண்டிலிப்பாயில், பிள்ளையார் கோயிலுக்குப் பின்பக்கம் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அதற்குள் இறங்கினவன். சில வருடங்களுக்கு முன் வெங்காயம் குமிழ் அழுகத் தொடங்கியது. மண்ணிலிருந்து கிண்டிக் காய வைத்து, பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தூக்கித் தொங்கவிட்டால், தூக்கின இடத்திலேயே அழுகி மணத்தது. விவசாய பீடத்திலிருந்து ஓர் இளம் ஆராய்ச்சியாளர் வந்து மண்ணையும் குமிழையும் சின்னச் சின்னப் பைகளில் போட்டுக்கொண்டு போனார். திரும்பவும் வந்தார், இன்னும் கொஞ்சம் கொண்டு போனார். பிறகு அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் 'சண்டிலிப்பாயிலுள்ள ஒரு விவசாயியின் நிலம்' என்று வருவது நான். வெங்காயம் அழுகுகிற நாடுகளிலெல்லாம் அந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டினார்கள். நூறைத் தாண்டிவிட்டது என்று அவரே ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து சொன்னார். எது நூறைத் தாண்டியது என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தால் நல்ல செய்தி போலிருந்தது. மனைவி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

மகள் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். அவளுடைய ஆராய்ச்சி முடிச்சுகளைப் பற்றியது. கயிற்றில் போடுகிற முடிச்சுத்தான், ஆனால் அவளுடைய கயிற்றுக்கு இரண்டு நுனியும் ஒட்டியிருக்கும். "நுனி இருந்தா எந்த முடிச்சையும் அவிட்டுப்போடலாம் அப்பா. நுனி இல்லாட்டித்தான் அது முடிச்சு" என்று ஒருமுறை சொன்னாள். அவளுடைய முதல் கட்டுரை அச்சில் வந்தபோது ஒரு பிரதியை என் கையில் தந்தாள். நான் முதலில் பார்த்தது தலைப்பக்கத்தை. பிள்ளையார் சுழி இல்லை. அவள் வீட்டில் கையால் எழுதிப் பார்க்கிற தாள்களில் ஒவ்வொன்றின் தலையிலும் சுழி இருக்கும், நான் கண்டிருக்கிறேன்.

"இதை ஆர் எடுத்தது?"

"ஒருத்தரும் எடுக்கேல்லை அப்பா. அனுப்பேக்கை நான் போடுறேல்லை."

நான் பேனையை எடுத்து ஒரு சுழியைப் போட்டு, அந்தப் பிரதியைச் சுவாமி அறையில் வைத்தேன். இப்பவும் அங்கேதான் இருக்கிறது. விபூதி பட்டு ஓரம் வெளுத்துவிட்டது.

மேற்கோள் என்றால் என்னவென்று நாங்கள் அறிந்துகொண்டது கொட்டிலில் வைத்து. மாலை நேரம். மனைவியும் மகளும் பனையோலை நாரால் வெங்காயத்தைப் பிடி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தூக்கிக் கொழுவிக்கொண்டிருந்தேன். மகள் பதவி உயர்வுக்கு இரண்டாம் முறையாக விண்ணப்பிக்கப் போகிற காலம் அது. முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெரிவுக்குழுவில் வேறு வேறு பீடத்தவர்கள் இருந்தார்களாம். அவளுடைய படிவத்தைப் பார்த்துவிட்டு, மேற்கோள் போதாது, இன்னும் கொஞ்சக் காலம் போகட்டும் என்றார்களாம்.

"அது என்ன மேற்கோள்?" என்று மனைவி கேட்டாள்.

"ஒரு கட்டுரை எழுதிறவர், தான் ஆரார்ரை வேலையைப் பாத்து இதைச் செய்தவர் எண்டு கடைசியிலை ஒரு பட்டியல் போடவேணும் அம்மா. அந்தப் பட்டியலிலை என்ரை கட்டுரை வந்தா எனக்கு ஒரு மேற்கோள்."

"மரண அறிவித்தலிலை சொந்தக்காரற்றை பேர் வாற மாதிரி."

"ஏறத்தாழ. ஆனா இதிலை ஆக்கள் உயிரோடைதான் இருக்கவேணும் எண்டில்லை."

"அதிலையும் அப்பிடித்தானே. காலஞ்சென்றவையையும் போடுவினம்."

மகள் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஓம்" என்றாள்.

"உனக்கு எத்தினை பேர் போட்டிருக்கினம்?"

"நாலு பேர்."

"அந்த மோட்டார் சைக்கிள் தம்பிக்கு?"

"நூறு."

மனைவி கையிலிருந்த பிடியைக் கீழே வைத்தாள். "எங்கடை அழுகின வெங்காயத்துக்கு நூறோ?"

அவளுக்கு அது ஒரு நியாயமாகப் படவில்லை. மகளை முதலாம் வகுப்பிலிருந்து கணக்குப் பாடத்தில் ஒருவரும் முந்தினதில்லை. மகள் கோபப்படாமல் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். வெங்காய நோயில் வேலை செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒரு கட்டுரையை ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுதுவார்கள், கடைசியில் ஐம்பது அறுபது கட்டுரைகளைப் பட்டியல் போடுவார்கள். இந்த வருடம் வந்ததை அடுத்த வருடமே எடுத்துக் காட்டுவார்கள், நாலு வருடம் போனால் அது பழசு. கணிதத்தில் ஒராள் எழுதுவார், மிஞ்சினால் இரண்டு பேர். பட்டியலில் பதினைந்து இருந்தாலே பெரிய காரியம். எழுதி அனுப்பினால் அதைச் சரிபார்த்துச் சொல்லவே ஒரு வருடத்துக்கு மேல் எடுப்பார்கள். பிறகு அதை ஒருவர் வாசித்து, விளங்கி, அதற்கு மேல் தானும் ஒன்றைக் கட்டுவதற்கு இன்னும் சில வருடம். அறுபது வருடத்துக்கு முந்தின கட்டுரையையும் புதிது போல எடுத்துக் காட்டுவார்கள்.

"டொக்டர்மாருக்கு?" என்று நான் கேட்டேன்.

"அவைக்கு வெங்காயத்தை விடக் கூட."

"எல்லாருக்கும் நோய் வருத்தம் வருந்தானே" என்றாள் மனைவி. "தமிழ் படிப்பிக்கிறவைக்கு?"

"அவை புத்தகமா எழுதுவினம். அது இந்தக் கொம்பியூட்டர் எண்ணுற கணக்கிலை பெரும்பாலும் விழாது."

"அப்ப எல்லாரையும் ஒரு தராசிலை போட்டோ நிறுக்கினம்?"

"படிவத்திலை ஒரு கட்டந்தான் இருக்கு அம்மா."

பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். ஒரு விசயம் எல்லாருக்கும் நல்லாய்த் தெரிந்ததாகிவிட்டால், அதற்குப் பிறகு அதைக் கண்டுபிடித்தவரின் பெயரை ஒருவரும் பட்டியலில் போடுவதில்லையாம். அது பிள்ளையாரின் நிலைமைதான் என்று நினைத்தேன்.

அன்றைக்குத்தான் கனடாக் கதையும் வந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முடிச்சு ஆராய்ச்சி செய்கிற குழு ஒன்று இவளைக் கூப்பிட்டிருந்தது. "இந்த முறையும் இல்லையெண்டா நான் போறன்" என்று, அடுத்த பிடிக்கு நாரை எடுத்துக்கொண்டே சொன்னாள். மனைவி கட்டுகிற முடிச்சை மட்டும் வழமையை விட இறுக்கினாள்.

எங்கள் ஒழுங்கையில் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. அந்த வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு சோற்றுக் கோப்பைதான். எங்கள் வீட்டில் மூன்று. மனைவி அந்த மூன்றாவது கோப்பையை நினைத்துத்தான் வாய் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். போகாதே என்று சொன்னால் பிள்ளையின் படிப்பை மறித்தவளாகிவிடுவாள். போ என்று சொல்ல வாய் வராது.

நான் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். மேற்கோள் கூடவும் வேண்டும், பிள்ளை போகாமல் இருக்கவும் வேண்டும் என்று இரண்டையும் ஒரேயடியாகக் கேட்பது சரியோ என்று வழியில் யோசித்தேன். முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடக்கும். ஆகவே முதலாவதை மட்டும் கேட்பதாக முடிவு செய்து அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன்.

ஐயர், "ஆற்றை பேருக்கு? நட்சத்திரம் என்ன?" என்றார்.

"ஒரு கட்டுரைக்கு, ஐயா."

"என்னது?"

"பிள்ளை எழுதின கட்டுரை. அதை நாலு பேர்தான் எடுத்துக் காட்டியிருக்கினம். இன்னும் கொஞ்சப் பேர் காட்டவேணும்."

ஐயர் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "எப்ப வெளிவந்தது?"

"ஆவணியிலை. நாள் தெரியாது."

"அப்ப நட்சத்திரம் பிடிக்கேலாது. சுவாமி பேருக்கே செய்வம்" என்றார். பெயரும் நட்சத்திரமும் தெரியாதவர்களுக்குச் செய்கிற வழக்கம் அதுதான். எனக்கும் சரியாகப் பட்டது.

மனைவி என்னைப் போலக் காத்திருக்கிற ஆள் இல்லை. அவளுக்கு மரண அறிவித்தலில் அனுபவம் உண்டு. அவளுடைய சின்னையா இறந்தபோது அடித்த அறிவித்தலில் மருமக்களின் வரிசையில் என் பெயர் விடுபட்டுப் போயிற்று. அதைத் தயாரித்தவருக்கு அவள் ஒரு போன் போட்டாள். மத்தியானம் தெருவில் ஒட்டின நோட்டீசில் என் பெயர் இருந்தது, இரண்டாவது ஆளாக. பட்டியலை எழுதுகிறவரிடம் நேரே சொன்னால் பெயர் வரும், சொல்லாவிட்டால் வராது என்பது அவள் கண்ட உண்மை. சொந்தக்காரருக்குள் வந்த பிணக்குகளும் அப்படிச் சொல்லாமல் விட்டதால் வந்தவைதான்.

ஆராய்ச்சியாளர் அந்த மாதம் திரும்பவும் வந்தார். இரண்டாவது கட்டுரை முடிகிற கட்டம், கொட்டிலில் பிடிகளைத் தூக்கி வைக்கிற முறையைப் படம் எடுக்க வேண்டும் என்றார். எடுத்து முடிந்ததும் மனைவி தேத்தண்ணியோடு பனங்காய்ப் பணியாரமும் கொண்டுவந்து வைத்தாள்.

"தம்பி, உந்தக் கட்டுரையின்ரை கடைசியிலை ஒரு பட்டியல் போடுவியள் என்ன?"

"ஓம் அம்மா."

"எத்தினை போடுவியள்?"

"ஒரு எழுபது வரும்."

"எழுபதோ! அதுக்குள்ளை எங்கடை பிள்ளையின்ரையையும் ஒரு ஓரமாப் போட்டுவிடுங்கோவன்."

அவர் பணியாரத்தைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, அவ கணிதமெல்லோ. இது வெங்காயம்."

"எழுபது பேர் நிக்கிற இடத்திலை ஒராள் கூட நிண்டா என்ன குறைஞ்சா போகும்? நீங்கள் எங்கடை காணியிலை எத்தினை தரம் நிண்டனியள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். எனக்கும் அதில் ஒரு பிழை தெரியவில்லை. அவர் கொட்டிலுக்குள் தொங்கின பிடிகளை நிமிர்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாப்பம் அம்மா" என்றார். எங்கள் பக்கத்தில் பாப்பம் என்றால் மாட்டேன் என்றுதான் பெரும்பாலும் பொருள். அதனால் மனைவி மகளிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அவர் நல்ல மனிதர்.

சில மாதம் கழிந்து ஒரு சனிக்கிழமை காலை, இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகளின் போன் ஒலித்தது. பார்த்தாள். முகம் மலர்ந்தது. அவளுடைய முகம் அப்படி மலர்ந்து நான் கண்டு கனகாலம். "அப்பா, அஞ்சாவது வந்திட்டுது" என்றாள். நான் மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டேன். மனைவி அடுப்படியிலிருந்து, "ஆர் போட்டது?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

மகள் போனை விரலால் தள்ளித் தள்ளி வாசித்தாள். மலர்ந்த முகம் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பிப் போயிற்று.

"வெங்காயக் கட்டுரை" என்றாள்.

பிறகு அந்த வரியைத் தமிழில் எங்களுக்குச் சொன்னாள். பிடிகளை இறுக்கிக் கட்டினால் காற்றுப் போகாமல் அழுகல் கூடுகிறது, முடிச்சுகள் பற்றிய கணித ஆய்வுக்கு இதைப் பார்க்கவும். 'இது' என்கிற இடத்தில் எழுபத்தோராவதாக மகள்.

"நல்லாத்தானே எழுதியிருக்கிறார்" என்றாள் மனைவி.

"அம்மா. நீங்கள் கேட்டனியளோ?"

"கேட்டாத்தான் போடுவினம்."

"என்ரை முடிச்சுக்கு நுனியே இல்லை அம்மா! அதாலை வெங்காயம் கட்டேலாது!"

"கட்டுறதுக்கு ஆர் சொன்னது? பாக்கத்தானே சொல்லியிருக்கிறார்."

மகள் இடியப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பினாள். கிணற்றடியில் போய் நின்றாள். நான் பின்னால் போனேன். அழுகிறாளோ என்று பார்த்தேன், அழவில்லை. "அப்பா, அந்த நாலு பேரையும் நான் கண்டதில்லை. ஒருத்தர் ஜப்பானிலை இருக்கிறார். தன்ரை முழுக் கட்டுரையையும் என்ரையிலை வைச்சுத்தான் கட்டியிருக்கிறார். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியாது. அப்பிடி நாலு. அதுக்குப் பக்கத்திலை இதைக் கொண்டுபோய் வைச்சா அந்த நாலும் என்னவாகும்?"

நான் படித்தவன் இல்லை. ஆனால் அவள் சொன்னது விளங்கியது. நாலு பேரும் தாங்களாக வந்து கும்பிட்டுப் போனவர்கள். ஐந்தாவது ஆளை நாங்கள் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

அன்றைக்கே அவள் ஆராய்ச்சியாளருக்குப் போன் எடுத்தாள். அவர் மறுபக்கத்தில், "அம்மாவுக்கு எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. திருத்தம் போட்டு எடுத்துவிடுவதாகச் சொன்னார். ஆனால் கட்டுரை வந்த வேகத்தில் திருத்தம் வராதாம். மகள் தன் படிவத்தில் நாலு என்றே எழுதினாள். கட்டத்துக்குள் இடம் போதாமல், ஒரு தனித் தாளில் ஒவ்வொரு துறையும் எப்படி மேற்கோள் காட்டுகிறது, ஏன் கணிதத்தில் குறைவு என்று எழுதிப் பின்னால் இணைத்தாள். அந்தத் தாளில் சுழி போட்டாயா என்று கேட்டேன். "எழுதிப் பாத்த கொப்பியிலை போட்டனான்" என்றாள்.

மனைவி இரண்டு நாள் கதைக்கவில்லை. மகளோடு கோபம் இல்லை, தன்னோடும் இல்லை. யாரோடு என்று தெரியாத கோபம். மூன்றாம் நாள் இடியப்பத்துக்கு மாவைப் பிசைந்துகொண்டே, "இஞ்சருங்கோ, நான் அவளைக் கனடாவுக்கு அனுப்பிப்போட்டனோ?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

நேர்முகத்துக்கு மகள் கடும் நீலச் சேலை உடுத்து, திருநீறு பூசிக்கொண்டு போனாள். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். பின்னேரம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலே கதிரையில் இருந்துகொண்டு நடந்ததைச் சொன்னாள்.

குழுவில் ஐந்தாறு பேர். அதில் ஒருவர் கணினியில் தானாகவே தேடிப் பார்த்திருக்கிறார். "நீங்கள் நாலு எண்டு போட்டிருக்கிறியள், இஞ்சை அஞ்சு காட்டுது. அஞ்சாவது விவசாயக் கட்டுரை. இதையல்லோ முதல்லை போட்டிருக்கவேணும்! கணிதம் மண்ணுக்குப் பயன்படுகுது எண்டா எவ்வளவு நல்ல விசயம். ஏன் விட்டனியள்?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னனி?" என்றாள் மனைவி. அவளுடைய குரல் அவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை.

"உண்மையைச் சொன்னன். அது எங்கடை அம்மா கேட்டுப் போடுவிச்சது எண்டன்."

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

குழுவில் இருந்த மருத்துவ பீடத்துப் பேராசிரியர் ஒருவர், வயது போனவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எங்கடை பக்கத்திலை அம்மா கேக்கவேண்டிய தேவையில்லை, பிள்ளை. நாங்களே ஆளுக்காள் போட்டுக்கொள்ளுவம்" என்றாராம். ஒருவர் சிரித்திருக்கிறார். பிறகு இன்னொருவர். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. படிவத்தின் பின்னால் இருந்த தாளைத் திருப்பி, அதை அப்போதுதான் முதல் தடவையாக வாசித்தாராம். வாசித்து முடித்துவிட்டு, "அப்ப மற்ற நாலும்?" என்று கேட்டாராம்.

"அந்த நாலு பேரையும் எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது எண்டன்."

பிறகு அரை மணித்தியாலம் அந்த நாலைப் பற்றித்தான் கேட்டார்களாம். ஜப்பான்காரர் என்ன கட்டினார், எதன்மேல் கட்டினார் என்று. முதல் முறை போனபோது அதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"கிடைக்குமோ?" என்றேன்.

"தெரியேல்லை அப்பா" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். மனைவி சோற்றைப் போட்டுக் கொண்டுவந்தாள். மகள் சாப்பிடச் சாப்பிடப் பக்கத்திலேயே நின்றாள்.

கடிதம் ஆடி மாதம் வந்தது. பதவி உயர்வு கிடைத்துவிட்டது. மகள் அன்று பின்னேரமே கனடாவுக்கு வரவில்லை என்று எழுதினாள். எழுதிவிட்டு வந்து அடுப்படி வாசலில் நின்று, "அம்மா, அவையளுக்கு மறுமொழி போட்டிட்டன்" என்றாள். மனைவி திரும்பிப் பார்க்காமல், "பால் பொங்குது, அந்தத் துணியை எடு" என்றாள். பால் அப்போது அடுப்பிலேயே இல்லை.

ஆராய்ச்சியாளர் அதற்குப் பிறகு ஒருநாள் வந்தார், கொஞ்சம் கூச்சத்தோடு. திருத்தம் வந்துவிட்டது என்று போனில் காட்டினார். எழுபத்தோராவது எடுக்கப்பட்டிருந்தது.

"எங்கடை காணியையும் எடுத்துப்போட்டியளோ?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லை அம்மா. அது கிடக்கு."

"கிடக்கட்டும்" என்று சொல்லித் தேத்தண்ணி போடப் போனாள்.

நான் நேர்த்திக்கடன் முடிக்கக் கோயிலுக்குப் போனேன். ஐயர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்டுரைக்கோ?" என்றார்.

"ஓம்."

"கூடினதோ?"

"இல்லை, ஐயா. ஒண்டு கூடிப் பேந்து குறைஞ்சிட்டுது."

"அப்ப ஏன் அர்ச்சனை?"

"பிள்ளை இஞ்சையே நிக்கிறாள்" என்றேன். ஐயர் சுவாமி பேருக்கே செய்தார்.

இந்த வருட வெங்காயமும் கிண்டியாயிற்று. அந்தக் கட்டுரையில் உள்ளபடி பிடிகளை இப்போது தளர்த்தித்தான் கட்டுகிறோம். அழுகல் குறைவு, ஆனால் கொட்டிலில் அடிக்கடி ஒரு பிடி கழன்று தலையில் விழுகிறது. நேற்று மகளின் தலையில் விழுந்தது. இது முடிச்சே இல்லை என்றாள். காணியின் கணக்கு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு நாலுதான்.